பாரசீகத்தின் ஓடைகளையும் கணவாய்களையும் அளந்தது எப்படி? பயணவழி அளவைக்கு ஓர் அறிமுகம்

ஒரு சிற்றூரைப் பற்றி இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

“ஃபார்ஸ் மாகாணத்தில் ஒரு சிற்றூர். காஸெரூனுக்கு வடகிழக்கே 11 மைல். உயரம் 4,300 அடி. 40 வீடுகள். ஓடைத் தண்ணீர் நன்றாக இருக்கிறது. கோடை முடிவில் குறையும் என்கிறார்கள். விறகு கிடைக்கும், தீவனம் கொஞ்சம்தான். ஊருக்கு மேலே உள்ள கணவாயில் சுமையேற்றிய கோவேறு கழுதைகள் சிரமப்பட்டு ஏறும். சக்கர வண்டிக்கு வழியில்லை.”

ஊர் என் கற்பனை. வடிவம் கற்பனை இல்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் உளவுப் பிரிவு தொகுத்த பாரசீகக் கெசட்டியரில், அதாவது இன்றைய ஈரானின் ஊர், ஓடை, கணவாய்களைப் பட்டியலிடும் விவர நூலில், இந்த மாதிரிப் பதிவுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஒன்று கிராமம், அடுத்தது ஓடை, அதற்கடுத்தது கணவாய் என்று ஆங்கில அகரவரிசைப்படி போய்க்கொண்டே இருக்கும். பல பதிவுகளின் முடிவில், தகவல் கொடுத்தவரின் பெயர் மட்டும் சின்னதாக இருக்கும்.

முதல்முறை படிப்பவருக்கு, யாரோ நாடு முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. ஒருவர் ஒரு பாதையில் போனார். போகும்போது இடமும் வலமும் கண்ணில் பட்டதைக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். இதற்குப் பெயர்தான் பயணவழி அளவை. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி ஒரு மாவட்டத்தின் வரைபடத்தைப் போடுவது போன்ற வேலை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பதெல்லாம் துல்லியமாக வரும். குன்றுக்கு அந்தப் பக்கம் என்ன என்பது கேள்விப்பட்டதாகத்தான் இருக்கும்.

ஏன் முறையாக அளக்கவில்லை?

இந்தியாவில் அளந்தார்களே என்று கேட்கலாம். 1802இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவை, அந்த நூற்றாண்டு முழுக்க நடந்தது. ஒரு நீளத்தை மிகக் கவனமாக அளந்துவிட்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலை உச்சியைத் தியோடலைட் என்ற கோணமானியில் பார்த்துக் கோணம் எடுத்தால், அந்த உச்சி எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அங்கிருந்து அடுத்த முக்கோணம், அப்புறம் அதற்கடுத்தது. பிழை மிகக் குறைவு. ஆனால் அதற்கு மலை மேல் கொடி நட வேண்டும், கோபுரம் கட்ட வேண்டும், வருஷக்கணக்கில் கூடாரம் போட்டு உட்கார வேண்டும். அதிகாரம் கையில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

பாரசீகம் ஒருநாளும் பிரிட்டிஷ் காலனியாக இருந்ததில்லை. கஜார் வம்சத்து ஷாக்கள் ஆண்ட தனி நாடு அது. வடக்கே ரஷ்யா நெருக்கியது. 1813, 1828 ஒப்பந்தங்களில் காகசஸ் பகுதியை ரஷ்யாவிடம் இழந்தார்கள். தெற்கேயும் கிழக்கேயும் பிரிட்டிஷ் இந்தியா. ரஷ்யப் படை பாரசீகம் வழியாக ஒருநாள் இந்தியாவுக்கு வந்துவிடுமோ என்கிற பயம் கல்கத்தாவையும் சிம்லாவையும் நூறு வருஷம் தூங்கவிடவில்லை. அந்தப் பயம்தான் இந்தக் கெசட்டியரின் தாய். மேலே உள்ள பதிவை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். தண்ணீர், விறகு, தீவனம், கழுதை ஏறுமா, வண்டி போகுமா. ஊர் மக்கள் என்ன பயிரிடுகிறார்கள், என்ன பாடுகிறார்கள் என்பதற்கு அங்கே இடமில்லை. ஒரு படைப்பிரிவு அங்கே ஓர் இரவு தங்க முடியுமா என்கிற ஒரே கேள்விக்கான பதில்தான் அந்தப் பதிவு.

ஆரம்ப காலத்தில் மாறுவேடம் போட்டார்கள். 1810இல் சார்லஸ் கிறிஸ்டி, ஹென்றி பாட்டிங்கர் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் குதிரை வியாபாரியின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டு பலூசிஸ்தான் கடற்கரையில் இறங்கினார்கள். நுஷ்கியில் பிரிந்து, ஒருவர் ஹெராத் வழியாகவும் மற்றவர் பாலைவனம் தாண்டி கெர்மான் வழியாகவும் போய், இஸ்ஃபஹானில் மறுபடி சந்தித்தார்கள். பாட்டிங்கர் கையில் இருந்த திசைகாட்டியை ஒருவர் கவனித்துவிட்டபோது, தொழுகைக்குத் திசை பார்க்கும் கருவி என்று சமாளித்தார். இதே பாட்டிங்கர்தான் 1848 முதல் 1854 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்தவர். கிறிஸ்டிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1812இல் பாரசீகப் படையோடு நின்று ரஷ்யர்களுடன் சண்டையிட்டு இறந்தார்.

1860களில் இந்தியாவையும் லண்டனையும் இணைக்கும் தந்திக்கம்பி பாரசீகம் வழியாகப் போன பிறகு வேஷம் தேவைப்படவில்லை. தந்தி ஆய்வாளர், எல்லைக் கமிஷன் உறுப்பினர், கான்சல், விடுப்பு முடிந்து தரைவழியாக வேலைக்குத் திரும்பும் ராணுவ அதிகாரி என்று ஆளுக்கொரு காரணத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் குறிப்பேடும் வைத்திருந்தார்கள். தந்தித் துறையின் தலைவராக இருந்து, 1871இல் மக்ரான் எல்லையையும் 1872இல் சீஸ்தான் எல்லைத் தகராறையும் கையாண்ட ஃபிரெடெரிக் கோல்ட்ஸ்மிட், பாரசீகம் பற்றி 1813இலேயே ஒரு புவியியல் நூல் எழுதிய ஜான் மக்டொனால்ட் கின்னெயர் இருவரும் மெட்ராஸ் ராணுவத்துக்காரர்கள்.

ஒரு நாள் வேலை

பயணவழி அளவைக்கு அடிப்படையாக வேண்டியவை இரண்டு: எந்தத் திசையில் போகிறோம், எவ்வளவு தூரம் போகிறோம்.

திசைக்குப் பட்டகத் திசைகாட்டி. உள்ளங்கையில் அடங்கும். அதன் துளை வழியாக முன்னால் தெரியும் ஒரு மரத்தையோ பாறையையோ பார்த்தால், அதே பார்வையில் டிகிரியும் தெரியும். பக்கத்தில் துப்பாக்கி இருந்தால் முள் இழுத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கொள்ளையர் நடமாடும் மலையில் இது கொஞ்சம் சங்கடமான ஏற்பாடு.

தூரத்துக்குக் கடிகாரம். சக்கரம் உருட்டி அளக்கும் கருவி இருந்தது. ஆனால் கற்கள் உருளும் மலைப்பாதையில் அதனால் பிரயோஜனமில்லை. ஆகவே நேரத்தைத் தூரமாக மாற்றினார்கள். சுமையேற்றிய கோவேறு கழுதை சமதரையில் மணிக்கு ஏறக்குறைய 3 மைல் நடக்கும். 40 நிமிடம் நடந்தால் 2 மைல். ஏற்றமானால் குறைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பது அனுபவம். பாரசீகத்தில் வழக்கத்திலிருந்த ஃபர்சாக் என்ற தூர அளவும் இப்படிப்பட்டதுதான். புத்தகத்தில் அது ஏறக்குறைய 4 மைல். வழியில் கேட்டால், சுமைக்கழுதை ஒரு மணி நேரம் போகும் தூரம். அதனால் சமவெளி ஃபர்சாக் நீளமாகவும் மலை ஃபர்சாக் குட்டையாகவும் இருக்கும். பல அதிகாரிகள் இதை வைத்துப் பாரசீகர்களுக்கு அளவு தெரியவில்லை என்று சலித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய சொந்தக் குறிப்பேட்டு மைலும் அதே கழுதையின் நடைதான் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை போலும்.

புஷேர் துறைமுகத்திலிருந்து ஷிராஸுக்குப் போகும் பழைய கழுதைப்பாதையை எடுத்துக்கொள்வோம். கடற்கரைச் சமவெளியைத் தாண்டி, கந்தகமும் நிலத்தெண்ணெயும் கசிகிற தலாகியை அடைந்ததும் மலை தொடங்கும். அப்புறம் படிப்படியாக நான்கு கணவாய்கள்: மல்லு, கமாரிஜ், அதற்கு மேலே காஸெரூன் சமவெளி முடிந்ததும் துக்தர், கடைசியாகப் பீர்ஸன். கடைசி இரண்டுக்கும் நடுவில் மியான் கோத்தல் என்ற சத்திரம். இந்தப் பாதையில் வரும் அளவையாளர் விடியற்காலையில் சத்திரத்தை விட்டுக் கிளம்பும்போது மணி குறிப்பார். முதல் திருப்பம் வரை திசை என்ன, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதுவார். இடப்பக்கம் ஓர் ஓடை, 5 அடி அகலம், முழங்காலுக்குக் கீழே தண்ணீர். வலப்பக்கம் ஒரு மைல் தள்ளி ஓர் ஊர், மண் மதில் தெரிகிறது. அடுத்த திருப்பம், அடுத்த திசை, அடுத்த மணி. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் ஒரு கோடாக வரைந்தால் அன்றைய பாதை காகிதத்தில் வளைந்து வளைந்து வந்துவிடும்.

பிழை எவ்வளவு வரும்? ஒரு நேர்ப்பாதையில் திசை 5 டிகிரி தவறினால் 10 மைல் முடிவில் கிட்டத்தட்ட ஒரு மைல் பக்கவாட்டில் விலகியிருப்போம். அடுத்த நாள் அந்தத் தப்பான புள்ளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடுவதும் உண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்வதும் உண்டு. ஆகவே எங்காவது ஒரு நிச்சயமான புள்ளி வேண்டும்.

நிச்சயமான புள்ளிக்கு வானம்

பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே எவ்வளவு தூரம் என்பதை, அதாவது அட்சரேகையை, கண்டுபிடிப்பது சுலபம். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அந்த இடத்தின் அட்சரேகை. மலைகளுக்கு நடுவே அடிவானம் தெரியாதே என்றால் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு சின்னத் தட்டில் பாதரசத்தை ஊற்றினால் அது கண்ணாடி போல மட்டமாக நிற்கும். நட்சத்திரத்துக்கும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பத்துக்கும் இடையே உள்ள கோணத்தை செக்ஸ்டன்டால் அளந்து பாதியாக்கினால் போதும். பகலில் சூரியனை வைத்தும் செய்யலாம். ஆனால் ஷிராஸ் பக்கம் ஜூன் மாத நண்பகலில் சூரியன் 80 டிகிரிக்கு மேல் நிற்கும். அதை இரட்டிப்பாக்கினால் செக்ஸ்டன்டின் அளவுகோலைத் தாண்டிவிடும். கோடையில் இந்த வேலை ராத்திரிக்குத் தள்ளிப்போக இதுவும் ஒரு காரணம்.

கிழக்கு மேற்குதான் தலைவலி. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுழல்கிறது, அதாவது 4 நிமிடத்துக்கு 1 டிகிரி. ஆகவே தெரிந்த ஓர் இடத்தின் நேரத்தையும் நாம் நிற்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை கிடைக்கும். தெரிந்த இடத்தின் நேரத்தைக் குரோனோமீட்டர் என்ற துல்லியமான கடிகாரத்தில் சுமந்து போக வேண்டும். கழுதை முதுகில் குலுங்கிய கடிகாரம் ஒரே ஒரு நிமிடம் பிசகினாலும், பாரசீகத்தின் தெற்குப் பகுதியில் ஊர் 24 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது தந்தி. கராச்சியில் நண்பகல் என்றால் புஷேரில் அப்போது ஏறக்குறைய 10:55தான் ஆகியிருக்கும். இரண்டு ஊரிலும் நட்சத்திரம் பார்த்து உள்ளூர் நேரத்தைச் சரியாகப் பிடித்துவிட்டு, கம்பி வழியே ஒரு தட்டு தட்டினால் அந்த வித்தியாசம் நொடிக் கணக்கில் கிடைத்துவிடும். தெஹ்ரான், இஸ்ஃபஹான், ஷிராஸ், புஷேர் என்று தந்திப் பாதையில் இருந்த ஊர்கள் இப்படி உறுதியான புள்ளிகளாயின. தந்தித் துறையில் வேலை பார்த்த ஆலிவர் செயின்ட் ஜான் என்ற பொறியாளர், சிதறிக் கிடந்த பயணவழிகளையெல்லாம் இந்தப் புள்ளிகளில் மாட்டி, 1870களில் ஒரு பெரிய பாரசீக வரைபடத்தைத் தொகுத்தார். ஓர் அங்குலத்துக்கு 16 மைல். அதற்கு முன் ஒரே ஊர் இரண்டு பயணிகளின் படங்களில் இரண்டு இடத்தில் இருந்தது. இப்போது குறைந்தபட்சம் சண்டை எங்கே என்றாவது தெரிந்தது.

உயரத்துக்கு வேறு வித்தை. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸ் குறைகிறது. 7,000 அடி உயரத்துக் கணவாயில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஒரு சின்னக் கொதிகலனில் ஸ்பிரிட் விளக்கேற்றி, வெப்பமானியைத் தண்ணீரில் முக்காமல் நீராவியில் பிடித்துப் படிப்பார்கள். தண்ணீரில் உப்பு இருந்தால் கணக்குக் கெடும் என்பதால். டிகிரியில் பத்தில் ஒரு பங்கு தப்பாகப் படித்தால் உயரம் 100 அடி மாறிவிடும். கைக்கடக்கமான அனிராய்டு காற்றழுத்தமானியும் உண்டு. அது பார்க்க வசதி, நம்ப முடியாது. மேகம் மூட்டம் போட்டு அழுத்தம் இறங்கினாலே, உட்கார்ந்த இடத்தில் நாம் நூற்றைம்பது அடி ஏறிவிட்டதாகச் சொல்லும். ஆகவே கெசட்டியரில் 4,300 அடி என்று பார்த்தால் 4,100க்கும் 4,500க்கும் நடுவில் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

கேட்டு எழுதியது

40 வீடுகள் என்பதை யாரும் எண்ணவில்லை. குதிரை மேலிருந்து பார்த்து மதிப்பிட்டது, அல்லது ஊர்த் தலைவரான கத்குதாவிடம் கேட்டது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரன் வந்து வீட்டுக் கணக்கும் ஆட்டுக் கணக்கும் கேட்டால், வரி போடவா படைக்கு ஆள் பிடிக்கவா என்று எந்த ஊரும் யோசிக்கும். குறைத்துச் சொல்வதற்கு எல்லாக் காரணமும் இருந்தது.

ஓடைகளும் ஆறுகளும் இன்னும் குழப்பம். மேற்குப் பாரசீகத்தின் கார்கே ஆறு தொடங்கும் இடத்தில் கமாசியாப், நடுவில் செய்மரே, சமவெளிக்கு வந்த பிறகுதான் கார்கே. மூன்று இடங்களில் மூன்று பேர் குறுக்கே கடந்து போனால் கெசட்டியரில் மூன்று ஆறுகள் பிறக்கும். ஓர் ஆற்றை அதன் கரையோடு போய்ப் பார்த்தவர்கள் குறைவு, ஏனென்றால் பாதைகள் பெரும்பாலும் ஆற்றைக் கடந்து போயின.

பருவமும் விளையாடும். பக்தியாரி மக்கள் குளிர்காலத்தில் கூஸெஸ்தான் பக்கத்துத் தாழ்நிலத்தில் இருப்பார்கள், கோடையில் மந்தையோடு ஸர்த் கூ மலைப்பக்கம் ஏறிவிடுவார்கள். ஜூலையில் தாழ்நிலத்து வழியாகப் போனவர் ஆளில்லாத ஊர் என்று எழுதுவார். ஜனவரியில் போனவருக்கு அதே இடத்தில் ஆயிரம் கூடாரம் தெரியும். 1890 கோடையில் மேஜர் சாயர் என்ற இந்திய ராணுவ அதிகாரி இந்த மலைகளை அளக்கப் போனபோது, இசபெல்லா பேர்டு என்ற 58 வயதுப் பயண எழுத்தாளரும் கூடவே போனார். அளவையாளர் உச்சிகளின் கோணத்தை எடுத்துக்கொண்டிருக்க, பேர்டின் கூடாரத்துக்கு முன்னால் மருந்து கேட்டு மக்கள் கூடினார்கள். ஒரே பயணத்தைப் பற்றி இருவரும் எழுதியதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ராணுவக் கெசட்டியர் எதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை என்பது நன்றாகப் புரியும்.

சில இடங்களுக்குள் போகவே முடியவில்லை. மேற்குப் பாரசீகத்து மலைப்பகுதியான லூரிஸ்தான் அப்படிப்பட்டது. 1810இல் அங்கே போன கேப்டன் கிராண்ட், லெப்டினன்ட் ஃபாதரிங்கம் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, 1904இல் அதே பகுதியில் போன கர்னல் டக்ளஸ், கேப்டன் லாரிமர் இருவரும் தாக்கப்பட்டுக் காயத்தோடு தப்பினார்கள். பழைய வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடத்தைப் பார்த்தால், அங்கே ஒன்றுமில்லை என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அங்கே இருந்தவர்கள் யாரையும் உள்ளே விடவில்லை என்றுதான் பொருள்.

இதையெல்லாம் வெள்ளைக்கார அதிகாரிகள் மட்டும் செய்ததாக நினைக்க வேண்டாம். பின்னாளில் எல்லைக் கமிஷன்களோடு போன இந்திய நில அளவைத் துறையின் இந்திய அளவையாளர்கள், முக்காலியில் பலகை வைத்து நின்ற இடத்திலேயே வரைபடம் போட்டார்கள். வழி தெரிந்தவர்கள் பாரசீகக் கழுதைக்காரர்கள். அவர்கள் பெயர் பதிவின் முடிவில் வருவதில்லை.

பாரசீகர்களும் சும்மா இருக்கவில்லை. தெஹ்ரானில் 1851இல் தொடங்கிய தாருல் ஃபுனூன் கல்லூரியில் அளவைக்கலை கற்ற நஜ்முல் முல்க், 1880களின் தொடக்கத்தில் ஷாவின் ஆணைப்படி கூஸெஸ்தானுக்குப் போய்க் காரூன் ஆற்று அணையைப் பற்றி ஆராய்ந்தார். ஃபார்ஸ் மாகாணத்தைப் பற்றி மீர்ஸா ஹசன் ஃபசாயி எழுதிய பெரிய நூல் 1890களில் அச்சானது. ஊர், ஓடை, குடும்பம், தோட்டம் என்று உள்ளூர்க்காரர் கண்ணோடு எழுதியது. 1949 முதல் ஈரான் ராணுவமே பத்துத் தொகுதிகளில் நாட்டின் ஊர்களையெல்லாம் பதிவு செய்தது.

சரி, இன்று ஒரு பழைய பதிவை வைத்துக்கொண்டு அந்த ஊரைத் தேட வேண்டுமென்றால்? அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே இணைய வரைபடத்தில் போட்டால் பெரும்பாலும் வெறும் மலைச்சரிவில் கொண்டுபோய் நிறுத்தும். முதலில் பதிவின் முடிவில் உள்ள பெயரைப் பாருங்கள். அவர் எந்த வருஷம், எந்த மாதம், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பாதையில் முன்னும் பின்னும் வரும் இரண்டு பெரிய ஊர்களைப் பிடித்துக்கொண்டு, நடுவில் எத்தனை மணி நேரம் என்று பிரியுங்கள். கணவாயும் ஓடையும் வரும் வரிசை அநேகமாகச் சரியாக இருக்கும், ஏனென்றால் அதை அவர் தன் கண்ணால் பார்த்து எழுதினார். தூரத்தைக் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், உயரத்தை இன்னும் கொஞ்சம். வீட்டு எண்ணிக்கையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையை விட்டு ஐந்தாறு மைல் தள்ளி இருப்பதாகச் சொல்லும் ஊரைத் தேடும்போது மட்டும், அது மலைக்கு அந்தப் பக்கமாகவும் இருக்கலாம் என்பதை மனசில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.